பால் காய்ச்சிய வீட்டுக்கு இரண்டு பூட்டு

செங்கமலத்திடம் ஏழு வீட்டுச் சாவிகள் இருந்தன. ஏழும் பெரம்பலூர் டவுனில் உள்ள வாடகை வீடுகள். துறைமங்கலத்தில் அவள் குடியிருந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது. வெளியே போகும்போது கொண்டியில் ஒரு கம்பியை வளைத்து மாட்டிவிட்டுப் போவாள். மழைக்காலத்தில் அஸ்பெஸ்டாஸ் கூரையின் விரிசல் வழியாகத் தண்ணீர் சொட்டும். அப்போது அவள் கணவர் அமாவாசை படுத்தபடியே மேலே பார்த்து, "ஏழு வூட்டுக்காரி, எட்டாவது வூடு ஒழுவுது. வந்து பாத்துட்டுப் போ" என்பார்.

"அது ஒன் பேர்ல இருக்கிற வூடு. ஓனரு போன் போட்டாத்தான் வருவேன்யா" என்பாள் அவள்.

அமாவாசை கொத்தனார். முழங்கால் தேய்ந்தபிறகு சாரம் ஏறுவதை விட்டுவிட்டார். செங்கமலம் ரஞ்சன்குடிப் பக்கம் பிறந்தவள். அவள் வீட்டார் மூன்று தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவள் மட்டும் வெங்காயக் காட்டிலிருந்து கட்டட வேலைக்கு மாறி, சித்தாளாக டவுனுக்கு வந்தாள். அவளுக்குத் தெரிந்த தனித்த வேலை ஒன்று உண்டு. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுவது. தளம் போட்ட மறுநாளிலிருந்து அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். தூண்களுக்குச் சாக்கைச் சுற்றி, அது காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் யாருக்கும் தெரியாது. பத்து வருடம் கழித்து விரிசலில்தான் தெரியும். அதனால் அந்த வேலையைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவார்கள். அவள் விடவில்லை. இதை நேர்மை என்று உடனே சொல்லிவிட வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தவளுக்கு, தண்ணீர் விடுவதைத் தவிரப் பகலில் வேறு வேலை இல்லை என்பதும் உண்மை.

அப்படி அவள் ஒன்பது மாதம் தங்கித் தண்ணீர் விட்டது யாகூப் பாயின் வீட்டுக்கு. யாகூப் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து, பெரம்பலூர் நான்கு ரோட்டுக்கு அருகில் மனை வாங்கி, கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு குடித்தனத்துக்கு வீடு கட்டினார். கட்டி முடிந்ததும் விடுமுறையும் முடிந்துவிட்டது. அண்ணன் தம்பிகளும் வெளிநாட்டில் இருந்தார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் கொட்டகைக்கு வந்து சாவியைக் கொடுத்து, "பாத்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான். நம்பிக்கையால் கொடுத்தாரா, வேறு ஆள் இல்லாததால் கொடுத்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அந்தச் சாவியைப் பார்த்து அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து ஒருவர். ஆள் பார்த்து வீட்டை விடுவாள், மோட்டார் கெட்டால் ஆள் கூட்டி வருவாள், காலி செய்தால் சுண்ணாம்பு அடிக்கச் சொல்வாள். வாடகை நேராக உரியவர்களின் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அவள் கையைத் தொடாது. மாதா மாதம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவளுக்கு ஏதோ அனுப்புவார்கள். குடியிருப்பவர்கள் அவளை வீட்டுக்காரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் முதலில் மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவளால் முடியாத வேலை ஒன்றும் இருந்தது. யாகூப் பாய் வீட்டு மாடியில் ஒருமுறை டியூஷன் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். காலி செய்யச் சொன்ன பிறகும் பதினோரு மாதம் இருந்தார். ஒவ்வொரு மாதமும் அவள் போவாள். "வர்ற மாசம் கண்டிப்பா போயிடறேன், ஒக்காருங்க, டீ குடிங்க" என்பார். அவள் டீயைக் குடித்துவிட்டு வருவாள். கடைசியில் வாத்தியாருக்கே கரூரில் வேலை கிடைத்துப் போனார். யாகூப் பாய் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் அவர் மகன் சிராஜ் அதை மறக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் யாகூப் பாய் இறந்துபோனார். செங்கமலம் லப்பைக்குடிக்காட்டுக்குப் போய் வெளியே நின்றுவிட்டு வந்தாள். சாவியை யாரும் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. முன்பு யாகூப் பாய்க்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். வேண்டாமென்றால் அவர் பதில் அனுப்புவார், சரியென்றால் அனுப்பமாட்டார். இப்போது துபாயில் இருந்த சிராஜுக்கு அனுப்பினாள். அவனும் பதில் அனுப்பவில்லை. பழைய கணக்குப்படி அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கார்த்திகையில் மாடி காலியாக இருந்தது. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த சிந்து என்ற பெண் வீடு தேடி வந்தாள். கீழப்பழுவூர்க்காரி. கணவர் அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடையில் வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதுவரை இருந்த வீட்டை அவர்கள் கார்த்திகை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் விட்டாக வேண்டும். அந்த வீட்டுக்காரரின் மகள் கல்யாணமாகி அங்கே குடிவருகிறாள். சிந்து அதற்குள் ஐந்து வீடு பார்த்திருந்தாள். மூன்று இடத்தில் கீழப்பழுவூரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னதும் வீட்டை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள்.

செங்கமலம் ஒரு கேள்விதான் கேட்டாள். "தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கும். பரவால்லையா?"

"வேற ஒண்ணும் கேக்கலையாக்கா?"

"கேட்டு என்னா பண்ண? ஒனக்கு வூடு வேணும். எனக்கு வூடு பூட்டிக் கெடக்கக் கூடாது."

சிராஜுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "தம்பி, மாடிக்கு ஆள் வந்துருக்கு. நர்சம்மா. நல்ல மாதிரி. வுட்டுடறேன்." பதில் வரவில்லை.

மார்கழியில் இந்தப் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். அதைக் கடக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கார்த்திகை முடிவதற்குள் ஒரு நல்ல நேரத்தில் புது வீட்டில் பால் காய்ச்சிவிடுவார்கள். காய்ச்சியதும் கொஞ்சம் உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், ஒரு விளக்கு, பால் காய்ச்சிய பாத்திரம் ஆகியவற்றை அங்கேயே வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடலாம். சாமான்கள் எப்போது வந்தாலும் பரவாயில்லை. குடிபுகுந்தது பால் பொங்கிய நாள்தான்.

கார்த்திகை கடைசி நாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் என்பதால் ஆறரைக்கே சிந்து கணவரோடும் குழந்தையோடும் வந்துவிட்டாள். மூன்று செங்கல்லை வைத்து அடுப்பாக்கித் தந்தவள் செங்கமலம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. குழந்தை கைதட்டியது. எழுத்து எதுவும் போடவில்லை. ஒப்பந்தத்தை ஞாயிற்றுக்கிழமை சாமான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் செங்கமலம். சிந்துவிடம் ஒரு சாவியைக் கொடுத்து, "இனிமே இது ஒன் வூடு. யாரு வந்து கேட்டாலும் செங்கமலம் சொல்லிட்டான்னு சொல்லு" என்றாள்.

புதன்கிழமை மோட்டார் போடப் போனபோது மாடிக் கதவில் அவளுடைய பூட்டுக்கு மேலே புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஸ்டிக்கர் ஒன்று. திருச்சியில் உள்ள ஒரு வீட்டுப் பராமரிப்புக் கம்பெனியின் பெயர், ஒரு பதிவு எண், ஒரு கைப்பேசி எண். கைப்பேசி எண்ணைக் கீழ்வீட்டுப் பையனிடம் அழுத்தச் சொல்லிப் பேசினாள். எடுத்தவர் பெயர் தமிழ்மாறன்.

"சார், நான் செங்கமலம் பேசறேன். யாகூப் பாய் வூடு. மேல பூட்டு போட்டுருக்கீங்க."

"ஆமாம்மா. அந்த வீடு இப்ப எங்க பொறுப்பு. ஓனர் எழுதிக் குடுத்துட்டாரு. ஒங்ககிட்ட இருக்கிற சாவிய வாங்கணும்னு நானே வர்றதா இருந்தேன்."

"சாவி இருக்கட்டும் சார். உள்ள ஆளு குடியிருக்காங்க."

"யாரும்மா இருக்கா? சன்னல் வழியா போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ஒரு சட்டி, ஒரு கொடம், ஒரு உப்பு டப்பா."

"அதான் சார் குடியிருக்கிறது. பால் காய்ச்சியாச்சு."

"அம்மா, நானும் இந்தப் பக்கந்தான், லால்குடி. எனக்குப் பால் காய்ச்சறது தெரியாதா? ஆனா எங்க ரிப்போர்ட்டுல காலி, குடியிருக்குன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. பால் காய்ச்சியிருக்குன்னு கட்டம் கிடையாது. பேங்க் மேனேஜர் ஒருத்தர்கிட்ட மாடிக்கு டோக்கன் அட்வான்ஸும் வாங்கியாச்சு."

"அந்தப் பொண்ணுக்கு நான் வாக்கு குடுத்துட்டேன் சார்."

"நீங்க குடுத்தீங்க. எந்த அதிகாரத்துல குடுத்தீங்க?"

பதின்மூன்று வருடமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. கேட்கப்படாத வரையில் அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தமிழ்மாறன் முரடர் அல்ல. கம்பெனிக்கு சிராஜ் எழுதிக் கொடுத்த கடிதத்தின் படத்தையும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்தார்.

அன்று மாலை சிந்து மருத்துவமனையிலிருந்து நேராகச் செங்கமலத்தின் வீட்டுக்கு வந்தாள். அவளும் பூட்டைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம அந்த வூட்டுல எங்கள இருக்க விட மாட்டாங்க. மார்கழியில வேற வூடு பாத்தாலும் பால் காய்ச்ச முடியாது. பால் காய்ச்சின வூட்ட விட்டுட்டு வர்றதுன்னா எங்க மாமியா வீட்டுல என்ன பேசுவாங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

"சனிக்கெழமைக்குள்ள நான் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"தெரியல. ஆனா சொல்றேன்."

அமாவாசை கேட்டுக்கொண்டிருந்தார். சிந்து போனபிறகு, "வூட்டுக்காரம்மான்னு கூப்பிடும்போது நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

வியாழக்கிழமை அவள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் அங்கமுத்துவிடம் போனாள். அவளுடைய வீடுகளுக்கு அவ்வப்போது ஒப்பந்தம் எழுதித் தருபவர் அவர்தான். ஒவ்வொரு முறையும் உரியவர் கையெழுத்து எங்கே என்று கேட்பார். அவள் பிறகு வாங்கித் தருகிறேன் என்பாள். பாதி ஒப்பந்தங்கள் அப்படியே நின்றிருந்தன.

அங்கமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கைப்பேசியில் கடிதத்தைப் படித்தார்.

"அவங்ககிட்ட லைசென்ஸ் இருக்காம். ஸ்டிக்கர்ல நம்பரே போட்டிருக்கு" என்றாள் செங்கமலம்.

"அது மனை, பிளாட்டு விக்கிற ஏஜெண்டுங்க வாங்கற பதிவு நம்பரு. வாடகை வூட்ட பாத்துக்க அது வேணும்னு இல்ல. பாக்கிறவன் பயப்படட்டும்னு ஒட்டறது."

"அப்ப அவங்களும் என்ன மாதிரிதானா?"

"அது எப்புடி? அவங்களுக்கு மவன் எழுதிக் குடுத்திருக்கான். ஒனக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

"பாய் சொன்னாரு."

"என்னன்னு?"

"பாத்துக்கன்னு."

அங்கமுத்து சிரிக்கவில்லை. "இத பாரு செங்கமலம். இப்ப உள்ள சட்டத்துல வாடகைக்கு எழுத்து வேணும், அதைப் பதியவும் வேணும். ஓனரு ஊர்ல இல்லன்னா அவருக்காக யார் நிக்கிறாங்க, என்னென்ன வேலைக்கு நிக்கிறாங்கன்னு குடியிருக்கிறவங்களுக்கு எழுத்துல தெரியப்படுத்தணும். ஓனரு உள்ளூர்ல இருந்து தானே பாத்துக்கிட்டா ஒருத்தரும் வேணாம். கடல் தாண்டிப் போயிட்டா, அவரு எடத்துல நின்னு கையெழுத்துப் போட ஒரு ஆளு எழுத்துல வேணும். அந்த ஆளு கம்பெனியா இருக்கலாம், நீயா இருக்கலாம், அமாவாசையாக்கூட இருக்கலாம்."

"அவருக்கு எதுக்கு? அவரு படுத்துக்கிட்டே கையெழுத்துப் போடுவாரு."

"நான் சட்டத்தச் சொல்றேன். இன்னொண்ணு. எழுத்தே இருந்தாலும், எழுதிக் குடுத்தவரு செத்துட்டா அதுவும் செத்துடும். பாய் போனதோட நீ வச்சிருந்த வாயிவார்த்தையும் போச்சு. ரெண்டு வருசமா நீ காத்துலதான் நின்னுக்கிட்டிருக்க."

அவள் எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கமுத்து கடிதத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு விரலால் திரையைத் தட்டினார்.

"ஆனா இதுவும் முழுக் காயிதம் இல்ல. வூடு இன்னும் பாய் பேர்லதான இருக்கு? அப்ப அது மவனுக்கு மட்டும் இல்ல. சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும் பங்கு உண்டு. மூணு பேரும் போட வேண்டிய எடத்துல இவன் ஒருத்தன் போட்டிருக்கான். பாய் சம்சாரம் வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா கம்பெனிக்காரன் பூட்ட எடுத்துத்தான் ஆகணும்."

அங்கமுத்து கொடுத்தது ஓர் ஆயுதம். அவள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறக்கும் நேரத்துக்கு லப்பைக்குடிக்காட்டில் பஸ் இறங்கினாள். யாகூப் பாயின் மனைவி ஹலீமா பீவி மகளோடு இருந்தார். செங்கமலத்தைக் கண்டதும், "வா செங்கமலம், அத்தா மவுத்துக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோம்" என்றார். பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் கணவரை அத்தா என்றே சொல்வார்.

செங்கமலம் நடந்ததைச் சொன்னாள். பங்கைப் பற்றி அங்கமுத்து சொன்னதை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

"பால் காய்ச்சிட்டாங்களா?" என்றார் ஹலீமா பீவி. "அப்ப குடி வந்துட்டாங்கள்ல? நாங்களும் அந்த வூட்டுல பால காய்ச்சிட்டுத்தான மவுலூது ஓதுனோம். நீதான அடுப்பு வச்சுக் குடுத்த?"

"ஆமாம்மா. இதுக்கும் நான்தான் வச்சேன்."

மகள் துபாய்க்கு வீடியோ அழைப்புப் போட்டாள். சிராஜின் முகம் காருக்குள் தெரிந்தது. செங்கமலத்தைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினான். பத்தொன்பது வயதில் விடுமுறைக்கு வந்து, அவளோடு மொட்டைமாடியில் பாத்திக்குத் தண்ணீர் விட்டவன் அவன்.

"செங்கமலம்மா, ஒங்ககிட்ட நானே சொல்லியிருக்கணும். கம்பெனிக்காரங்க சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன். ஒங்க மெசேஜ நேத்துதான் கேட்டேன்."

"பரவால்ல தம்பி. அந்தப் பொண்ணு..."

"தெரியும். தமிழ்மாறன் சொன்னாரு. ஒரு வீட்டுல ரெண்டு பேரு சாவி வச்சிருந்தா பொறுப்பு எடுத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க. அதுலயும் நியாயம் இருக்குல்ல?"

ஹலீமா பீவி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பினார். "டே, அத்தா இவளை நம்பி வுட்டுட்டுப் போனாரு. நீ கம்பெனியக் கொண்டாந்து பூட்டற. நானும் ஒரு பங்குதானடா? எனக்கு இவ போதும்."

பங்கு என்ற சொல்லை அவரே சொல்லிவிட்டார். செங்கமலம் கொண்டுவந்த ஆயுதம் அவள் எடுக்காமலேயே பயன்பட்டது.

சிராஜ் சற்று யோசித்தான். கோபப்படவில்லை. "சரிம்மா. கம்பெனி வேணாம். நாங்க மூணு பேரும் செங்கமலம்மா பேருக்கே எழுதித் தர்றோம். முறையா. ஆனா செங்கமலம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எழுதினா நீங்கதான் எங்க எடத்துல நிக்கிறீங்க. நாளைக்கு ஒருத்தன் காலி பண்ண மாட்டேன்னா நீங்கதான் அவன் மேல மனு போட்டு, ஆபீஸ் ஆபீஸா போயி, அவன வெளியேத்தணும். அந்த வாத்தியாரு மாதிரி ஒருத்தன் வந்தா பண்ணுவீங்களா?"

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவியும் வாக்கும் இரண்டுமே நிற்கும். சொல்வதில் பெரிய பொய்யும் இல்லை. அப்படி ஒருத்தன் வராமலே போகலாம். ஆனால் அவளுக்கு அந்த டீ டம்ளர் நினைவுக்கு வந்தது. பதினோரு டம்ளர் டீ. ஒவ்வொரு முறையும் படியேறும்போது கடுமையாகப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனவள், ஒவ்வொரு முறையும் அவருடைய குழந்தைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள்.

"முடியாது தம்பி" என்றாள். "குடி வைக்கத் தெரியும். போகச் சொல்ல எனக்கு வராது."

ஹலீமா பீவி, "ஏய், வர்றப்ப பாத்துக்கலாம்டி" என்றார்.

"இல்லம்மா. எழுதிக் குடுத்தப்புறம் வரலன்னு சொல்ல முடியாது." அவள் மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, யாகூப் பாய் வீட்டுச் சாவிகளைப் பிரித்துத் தரையில் வைத்தாள். "கம்பெனியே பாக்கட்டும் தம்பி. நீங்க மூணு பேருமே அவங்களுக்கு எழுதிக் குடுத்துடுங்க. ஒருத்தரு போட்டா செல்லாதாம். ஆனா அந்தப் பொண்ணுக்கு மாடி வேணும். பால் காய்ச்சினது நிக்கணும். அது மட்டும்தான்."

தன் கையில் இருந்த ஒரே பிடியையும் அவளே சொல்லி விட்டுவிட்டாள் என்பதை சிராஜ் கவனித்தானா தெரியாது. அவன், "பேங்க் மேனேஜருக்கு டோக்கன திருப்பிக் குடுக்கச் சொல்றேன்" என்றான். பிறகு, "கோவமா செங்கமலம்மா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் இல்ல. நீ வண்டி ஓட்டிக்கிட்டே பேசாத."

"நின்னுதான் இருக்கேன்."

"அப்ப சரி."

இதைத் தியாகம் என்று சொல்வது சுலபம். அவள் அப்படிச் சொல்லமாட்டாள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடத் தெரிந்தவள் கம்பி கட்டத் தெரியும் என்று சொல்லி வேலை வாங்கக் கூடாது என்பதுபோன்ற ஒரு கணக்குதான் அது. அந்தக் கணக்கில் அவளுக்கு வருத்தம் இல்லையா என்றால், இருந்தது. திரும்பும் பஸ்ஸில் பெரம்பலூர் வருவதற்குள் சுருக்குப்பை இலேசாகிவிட்டதை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம் தமிழ்மாறன் வந்து மேல் பூட்டை எடுத்தார். அங்கமுத்து ஒப்பந்தம் எழுதினார். வீட்டுக்காரர்கள் பெயரில் மூன்று பேர், அவர்களுக்காகக் கம்பெனி, குடியிருப்பவராகச் சிந்து. ஒப்பந்தத்தில் மார்கழித் தேதி போட வேண்டியிருக்கிறதே என்று தமிழ்மாறன் தயங்கினார். சிந்து தயங்கவில்லை. "குடி வந்தது கார்த்திகையில சார். இது வெறும் கையெழுத்துதான" என்று போட்டாள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும் என்றபோது ஒருவராக அங்கமுத்துவின் உதவியாளர் அன்பழகன் போட்டார். இன்னொன்றைச் செங்கமலம் போட்டாள். மெதுவாக, எழுத்து எழுத்தாக.

லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஹலீமா பீவி கொடுத்தனுப்பிய சாவிகளைத் தமிழ்மாறன் எண்ணி ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டினார். "எது எதுக்குன்னு சொல்லுங்கம்மா."

"இது கீழ. இது மேல. இது மோட்டார் ரூமு. இது மொட்டமாடி."

"வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?"

அவள் யோசித்தாள். எங்கே குழாய் சுவருக்குள் போகிறது, எந்தச் சன்னல் மழைக்கு வீங்கும், எந்த சுவிட்சை முதலில் போடக்கூடாது என்று நிறைய இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமான்கள் வந்தன. செங்கமலம் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த வாரத்தில் அவள் மீதியிருந்த ஆறு வீட்டுக்காரர்களுக்கும் தானே போன் போட்டாள். எழுத்து வேண்டும் என்றாள். என்னென்ன வேலைக்கு என்று அங்கமுத்து கேட்டு எழுதினார்: ஆள் பார்த்து விடுவது, பழுது பார்ப்பது, சாவி வைத்திருப்பது. காலி செய்ய வைப்பது என் வேலை இல்லை, அதற்கு அவரவர் வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னாள். இப்படி ஒரு வரியைத் தன் வாழ்நாளில் எழுதியதில்லை என்றார் அங்கமுத்து. மூன்று பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். இருவர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சிங்கப்பூர்க்காரர் வீட்டையே விற்கப் போவதாகச் சொன்னார். சுருக்குப்பையில் இப்போது மூன்று வீட்டுச் சாவிகள். மூன்றுக்கும் காகிதம் உண்டு.

"மூணு வூட்டுக்காரி" என்று அமாவாசை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எண்ணிக்கை குறைந்ததில் கேலியின் வேகமும் குறைந்திருந்தது. பிறகு அதை விட்டுவிட்டார்.

தை பிறந்து நான்காம் நாள் தமிழ்மாறன் போன் செய்தார்.

"செங்கமலம்மா, தொந்தரவு பண்றேன்னு நெனக்காதீங்க. யாகூப் சார் வீட்டு மாடிக்கு ரெண்டு நாளா தண்ணி ஏறல. பிளம்பர் வந்து பாத்தாச்சு. வால்வு எங்க இருக்குன்னே தெரியல. செவுத்த ஒடைக்கணும்ங்கறான்."

"ஒடைக்க வேணாம். படிக்கட்டுக்கு அடியில பலகைக் கல்லு ஒண்ணு நிக்கும். அத நவுத்துனா உள்ள இருக்கு."

"நாலு கல்லு நிக்குதும்மா."

"இடது பக்கத்துலேர்ந்து ரெண்டாவது." கொஞ்சம் நிறுத்தினாள். "இருங்க. நானே வரேன்."

அவள் போனபோது பிளம்பர் கல்லை நகர்த்தி வைத்திருந்தார். குனிந்து கையை விட்டு வால்வைத் திருப்பினாள். மேலே ஏதோ ஒரு தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வந்த வேலை முடிந்துவிட்டது. தமிழ்மாறன் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. வழக்கம்போலக் கை இடுப்புக்குப் போய்ச் சுருக்குப்பையைத் தொட்டுத் திரும்பியது. நிலையில் அழைப்பு மணி இருந்தது. அதற்கு வயர் இழுத்த நாளில் அவள்தான் எலக்ட்ரீசியனுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அதை அழுத்தியதில்லை.

அழுத்தினாள். உள்ளே ஏதோ குருவி கத்துவதுபோலச் சத்தம் வந்தது.

"யாரு?" என்றாள் சிந்து உள்ளிருந்து.

"செங்கமலம்" என்று சொல்லிவிட்டு, கதவு திறக்கும்வரை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றாள்.